வாளையார் தாண்டிய பல்கலைக்கழகம்: எட்டிமடை பற்றி எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை என்னுடையது. ரேஷன் அட்டை கேரளத்தில், பேச்சு தமிழில், துணி எடுப்பது கோயம்புத்தூரில் என்று வாழ்கிற ஊர் இது. பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே பெற்றோர் வந்துவிடுவார்கள். அவர்களில் பாதிப்பேர் எட்டிமடையில் இருக்கும் அமிர்த விசுவ வித்யாபீடத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். வேலந்தாவளம் வழியாக வண்டியில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் அதன் வாசலில் நிற்கலாம். ஆனால் நடுவில் மாநில எல்லை கிடக்கிறது. கேள்விகள் எல்லாம் அந்த இடத்தில்தான் முளைக்கின்றன. ஒரே பதிலை நாளுக்குப் பத்துத் தரம் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். நான் எந்தக் கல்லூரிக்கும் முகவர் இல்லை. விண்ணப்பத்துக்கு வாங்கும் கூலியைத் தவிர வேறு காசு எனக்கு வருவதில்லை.

அமிர்தா கேரளத்துப் பல்கலைக்கழகமா, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகமா?

தலைமையிடம் கோவை மாவட்டத்து எட்டிமடை. நடத்துவது கேரளத்து மாதா அமிர்தானந்தமயி மடம். வேந்தராக இருப்பவர் மாதா அமிர்தானந்தமயியே. 1953இல் கொல்லம் மாவட்டத்துப் பறயகடவு என்ற மீனவக் கிராமத்தில் பிறந்தவர். அந்த ஊரைத்தான் இன்று அமிர்தபுரி என்கிறார்கள். பட்டம் கொடுக்கும் அதிகாரமோ இரண்டு மாநிலங்களில் எதனிடமிருந்தும் வந்ததல்ல, மத்திய அரசிடமிருந்து வந்தது. ஆகவே 'எந்த மாநிலத்தது' என்ற கேள்விக்கு எங்கள் ஊரைப் போலவே அதற்கும் நேரான பதில் கிடையாது.

கேரளத்து மடம் பொறியியல் கல்லூரியை ஏன் தமிழ்நாட்டில் போய்த் தொடங்கியது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் நான் டீ சொல்லிவிடுவேன், ஏனென்றால் பதில் நீளும்.

எட்டிமடைக் கல்லூரி 1994இல் தொடங்கியது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, எம்.ஜி.ஆர். ஆட்சியில், தமிழ்நாடு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அரசு மானியம் கிடையாது, மாணவர் கட்டும் பணத்தில் நடத்திக்கொள் என்பதுதான் ஏற்பாடு. 1984இல் வேலூர்ப் பொறியியல் கல்லூரி வந்தது, பிறகு வி.ஐ.டி. என்று பெயர் பெற்றது அதுதான். கோவையில் குமரகுரு அதே 1984இல் வந்தது. சிறுவாணிச் சாலையில் காருண்யா 1986இல் வந்தது. அடிக்கல், திறப்பு விழா, முதல் அணி என்று கோவையைச் சுற்றிலும் ஒரே கட்டட வேலை.

வாளையாருக்கு இந்தப் பக்கம் நிலைமை வேறு. கேரளத்தில் பொறியியல் இடங்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. பாலக்காட்டுக்காரர்களுக்கு அகத்தேத்தரையில் 1960இல் வந்த என்.எஸ்.எஸ். கல்லூரி இருந்தது. அது அரசு உதவி பெறும் கல்லூரி. அங்கே இடம் கிடைக்காதவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோவைக்கோ கர்நாடகத்துக்கோ ரயில் ஏறினான். தனியார் சுயநிதிக் கல்லூரி என்ற பேச்சே அப்போது கேரளத்தில் நெருப்பு. எட்டிமடைக் கல்லூரி தொடங்கிய அதே 1994இல், நவம்பர் 25ஆம் தேதி, கண்ணூர் மாவட்டம் கூத்துப்பறம்பில் அமைச்சர் எம்.வி. ராகவனுக்கு எதிராக இளைஞர்கள் கறுப்புக்கொடியுடன் திரண்டார்கள். கல்வி தனியார் வியாபாரமாகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. போலீஸ் சுட்டதில் மார்க்சிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான டி.ஒய்.எஃப்.ஐ.யைச் சேர்ந்த ஐந்து பேர் இறந்தார்கள். இடையில் இருப்பது ஒரு மலைக் கணவாய்தான். அந்தப் பக்கம் ரிப்பன் வெட்டிய காரியத்துக்கு இந்தப் பக்கம் உயிர் போனது.

கேரளம் சுயநிதிக் கல்லூரிகளைத் தாராளமாக அனுமதித்தது 2001க்குப் பிறகுதான், ஏ.கே. ஆண்டனி முதல்வராக இருந்தபோது. 'இரண்டு சுயநிதிக் கல்லூரி வந்தால் ஓர் அரசுக் கல்லூரிக்குச் சமம்' என்று அன்று கணக்குச் சொன்னார்கள். சரியாக அதற்கடுத்த ஆண்டு, 2002இல், அமிர்தாவும் அமிர்தபுரியில் பொறியியல் கல்லூரியையும் கொச்சியில் மருத்துவக் கல்லூரியையும் தொடங்கிவிட்டது. ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏன் எட்டிமடை என்பது தானே விளங்கும்.

எப்போது பல்கலைக்கழகம் ஆனது?

2003 ஜனவரியில். அதுவரை கோவை வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகள் முதலில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழும், 2001க்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழும் இருந்தன. பாடத்திட்டமும் வினாத்தாளும் அங்கிருந்து வரும். பட்டமும் அவர்கள் பெயரில்தான். 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி, மானியக் குழுவின் பரிந்துரையில் மத்திய அரசு ஒரு நிறுவனத்தை நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கலாம். அறிவித்ததும் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் அதன் கைக்கே வந்துவிடும். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்த பி. வெங்கட் ரங்கன் முதல் துணைவேந்தராக வந்தார்.

ஒன்பது ஆண்டில் ஒரு கல்லூரி பல்கலைக்கழகமாவது வேகம்தான். வி.ஐ.டி.க்கு 1984இலிருந்து 2001 வரை பதினேழு ஆண்டு பிடித்தது.

'நிகர்நிலை' என்றால் ஒரு படி குறைந்தது என்று அர்த்தமா?

இல்லை. பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் கழகம் 1958இலிருந்து நிகர்நிலைதான். அதைக் குறைந்தது என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

ஆனால் அந்தச் சொல்லே தரத்துக்கு உத்தரவாதம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009இல் டாண்டன் குழு நிகர்நிலைகளை ஆராய்ந்துவிட்டு, 44 நிறுவனங்கள் அந்தத் தகுதிக்கே லாயக்கில்லை என்று எழுதியது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி 123 நிறுவனங்களுக்கு, 'பெயரில் யுனிவர்சிட்டி என்ற சொல்லைப் போடாதே' என்று மானியக் குழு உத்தரவு அனுப்பியது. பெயர்ப்பலகைகளில் அந்தச் சொல்லின் மேல் காகிதம் ஒட்டி மறைத்திருந்ததை நானே சில ஊர்களில் பார்த்தேன். அமிர்தாவின் சட்டபூர்வமான பெயரில் 'வித்யாபீடம்'தான் இருந்தது என்பதால் அந்தக் கவலை அதற்கு அவ்வளவு இல்லை.

மாணவனுக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான். நிகர்நிலையில் மாநில அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு கிடையாது. சேர்க்கை அவர்கள் கையில். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடோ, முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையோ, அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீதமோ அங்கே நடைமுறையில் இல்லை. கோவையில் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு அந்தச் சலுகைகளை எதிர்பார்த்து வந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

இப்போது எத்தனை வளாகம்?

எட்டிமடை, அமிர்தபுரி, கொச்சி, பெங்களூரு, மைசூரு ஆகியவை பழைய ஐந்து. சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்து வேங்கல் 2019இல் சேர்ந்தது. பிறகு அமராவதி, ஃபரிதாபாத், நாகர்கோவில். கொச்சி மருத்துவமனைதான் இவற்றில் பழைய கதை: 1998 மே மாதம் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார், அதற்குள்ளிருந்து மருத்துவக் கல்லூரி முளைத்தது. அதே வழியில் ஃபரிதாபாத்தில் 2,600 படுக்கைகள் என்ற திட்டத்துடன் கட்டிய மருத்துவமனையைப் பிரதமர் மோடி 2022 ஆகஸ்ட் 24இல் திறந்துவைத்தார்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு 2021இல் ஏ பிளஸ் பிளஸ் கொடுத்தது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைப் பட்டியலில் 2020இல் பல்கலைக்கழகங்களில் 4ஆம் இடம், 2024இல் 7ஆம் இடம். விளம்பரத் தாளில் பழைய ஆண்டின் நல்ல எண்ணைப் பெரிதாக அச்சிடுவது எல்லாக் கல்லூரிகளுக்கும் உள்ள பழக்கம். எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

வளாகத்துக்கு வளாகம் குணம் மாறும். அமிர்தபுரி கடலுக்கும் காயலுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு நாடா போன்ற நிலம். 2004 டிசம்பர் சுனாமி அந்த ஆலப்பாடு பஞ்சாயத்தைத்தான் கேரளத்திலேயே அதிகமாக அடித்தது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதும் போட்டிகளில் பெயர் அதிகம். கணினிப் பாதுகாப்புப் போட்டிகளில் விளையாடும் 'பயோஸ்' என்ற மாணவர் அணி அங்கிருந்துதான் வந்தது. எட்டிமடை மலையடிவாரம், பாலக்காட்டுக் கணவாயின் காற்று. ஆடி மாதத்தில் அங்கே குடை பிடித்து நடக்க முடியாது.

'இன்டர்நேஷனல்' பல்கலைக்கழகம் என்கிறார்களே, அப்படி ஒரு வகை உண்டா?

சட்டத்தில் கிடையாது. மத்தியப் பல்கலைக்கழகம், மாநிலப் பல்கலைக்கழகம், மாநிலத் தனியார் பல்கலைக்கழகம், நிகர்நிலை என்று நான்குதான் மானியக் குழுவின் பட்டியலில் இருக்கின்றன. 'இன்டர்நேஷனல்' என்பது பலகை எழுதுபவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் கூலி, அவ்வளவே. எங்கள் பக்கத்தில் இரண்டு அறை உள்ள மழலையர் பள்ளியின் பலகையிலும் அந்தச் சொல் இருக்கிறது.

உண்மையில் பார்க்க வேண்டியது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் உள்ள ஏற்பாடு எப்படிப்பட்டது என்பது. பேராசிரியர்கள் வந்து பேசிவிட்டுப் போவது ஒரு வகை. ஒரு பருவம் அங்கே போய்ப் படித்துவிட்டு வருவது இன்னொரு வகை. இரண்டு இடத்துப் பட்டமும் கைக்கு வருவது மூன்றாவது வகை. இந்த மூன்றாவதற்கு 2022இல் மானியக் குழு தனி விதி போட்டது: நம் நாட்டு நிறுவனத்துக்கு நல்ல நாக் மதிப்பெண்ணோ என்.ஐ.ஆர்.எஃப். முதல் நூறில் இடமோ இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். அமிர்தா இந்த வாசலை விதி வருவதற்கு முன்பே தட்டியது. 2004இல் இஸ்ரோ எஜுசாட் செயற்கைக்கோளை ஏவியபோது, அதன் வழியே வளாகங்களை இணைத்து ஓரிடத்து வகுப்பை எல்லா இடத்திலும் காட்டியது. 2005இலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுடன் கூட்டு முயற்சி நடந்தது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் உள்ள 'விரைய' (Vrije) பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இரட்டைப் பட்டம் கொடுத்ததும் உண்டு.

உங்கள் பிள்ளை சேரும் பாடப்பிரிவுக்கு அந்த ஏற்பாடு பொருந்துமா, அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் வெளிநாட்டுக் கட்டடப் படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அங்கே ஆராய்ச்சி என்று ஏதாவது உருப்படியாக நடக்கிறதா?

மூணாறைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

மூணாறில் அந்தோணியார் காலனி என்று ஒரு சரிவு. 2005 மழையில் அங்கே மண் சரிந்தது. 2009இல் அமிர்தாவின் ஆராய்ச்சியாளர்கள், மனீஷா சுதீர் தலைமையில், அந்தச் சரிவில் ஆழமாகத் துளையிட்டுக் குழாய்களை இறக்கி, அவற்றில் உணர்விகளைப் பொருத்தினார்கள். உழவு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் வரப்பு மேலே நனைந்தால் உடையாது. உள்ளே ஊறிய நீர் வெளியே போக வழியில்லாமல் மண்ணை உள்ளிருந்து தள்ள ஆரம்பிக்கும்போதுதான் சட்டென்று இறங்கும். மலையும் அப்படித்தான். ஆகவே எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட, மண்ணுக்குள் நீரின் அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அந்த உணர்விகள் அழுத்தத்தையும் ஈரத்தையும் சரிவின் மெல்லிய அசைவையும் அளந்து கம்பியில்லாமல் அனுப்பும். அமிர்தபுரியில் உட்கார்ந்துகொண்டு திரையில் பார்க்கலாம். மழைக்காலங்களில் அங்கிருந்து எச்சரிக்கை கொடுத்து மக்களை நகரச் செய்ததும் நடந்திருக்கிறது.

அந்த மலைகளில் வேலை செய்வது யார் என்று நமக்குத் தெரியும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் தங்கும் லயன் வீடுகளின் மேல் மலை இறங்கியதில், காணாமல் போனவர்களையும் சேர்த்து, எழுபது பேர் போனார்கள். ஏறக்குறைய எல்லோரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குச் சொந்த ஊர் கயத்தாறுப் பக்கம். அமிர்தாவின் கருவிகள் இருந்த இடம் வேறு, பெட்டிமுடி வேறு. ஒரு சரிவுக்கு இருந்தது எல்லாச் சரிவுக்கும் இருந்திருந்தால் என்று எனக்குத் தோன்றாத மழைக்காலம் இல்லை. அந்தச் செலவைச் செய்ய வேண்டியது பல்கலைக்கழகம் அல்ல, அது வேறு பேச்சு.

நாங்கள் தமிழர்கள், ஆனால் கேரளத்துக்காரர்கள். எங்கே எந்த ஒதுக்கீட்டில் வருவோம்?

எங்கள் சித்தூர் தாலுகாவின் நிரந்தரத் தலைவலி இது. கேரளத்தின் பொறியியல் நுழைவுத் தேர்வான கீமுக்கு நீங்கள் கேரளத்தவர், அதில் சிக்கலில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு வந்தால் தமிழ் பேசுவது கணக்கில் வராது, இருப்பிடச் சான்றிதழ்தான் கணக்கு. எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருந்தால், வேறு மாநிலத்தவரும் பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். பிள்ளையை ஏழாம் வகுப்பு முடிந்ததும் எல்லை தாண்டிச் சேர்ப்பவர்கள் இதைத் தெரிந்துதான் செய்கிறார்கள். நிகர்நிலையில் மட்டும் 'நீ எந்த மாநிலம்' என்ற கேள்வி வராது. நுழைவுத் தேர்வு எழுது, தரவரிசை வாங்கு, பணம் கட்டு. இரண்டு பக்கமும் விளிம்பில் நிற்பவர்களுக்கு அது ஒரு நிம்மதி. பணம் இருப்பவர்களுக்கு மட்டுமே நிம்மதி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பெயரில் வரும் சிக்கல் தனி. போன ஆண்டு ஓர் அப்பாவும் மகளும் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களோடு வந்து உட்கார்ந்தார்கள். மகளின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கேரளத்தது, தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால். பிறப்புச் சான்றிதழ் கோவையில் வாங்கியது, தலைப்பெழுத்து முன்னால். அப்பாவின் பெயரில் ஒரு ழகரம். கேரளத்துத் தாளில் அதற்கு இசட், எச் என்று இரண்டெழுத்து, கோவைத் தாளில் வெறும் எல். விண்ணப்பத்திலோ 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம், அது நிரம்பாமல் அடுத்த பக்கம் போகவே போகாது. "எங்கள் வீட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்றும் இல்லைங்களே, போடாமல் விட முடியாதுங்களா?" என்றார் அந்த அப்பா. கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதி, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று வில்லேஜ் ஆபீஸில் சான்றிதழ் வாங்கி வைத்தோம். நீங்கள் அதை ஏப்ரலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் அந்த ஆபீஸில் நிற்க இடம் இருக்காது.

கட்டணம் எவ்வளவு?

பாடத்தைப் பொறுத்து, வளாகத்தைப் பொறுத்து, ஆண்டைப் பொறுத்து மாறும். பொறியியலுக்கு ஆண்டுக்குச் சில லட்சங்கள் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வாருங்கள். நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் கட்டணத்தில் பெரிய சலுகை உண்டு. அதனால் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகள் கட்டும் தொகை மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசமாக இருக்கும். சலுகை தொடர ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதைச் சேரும் முன் கேட்டுவிடுங்கள். முதல் ஆண்டில் சலுகை, இரண்டாம் ஆண்டில் முழுத் தொகை என்று நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடனுக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைப் பாருங்கள். என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் முன்னே இருக்கும் நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குச் சொத்து அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது.

சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்தால் பணம் திரும்ப வருமா?

2018இல் மானியக் குழு வெளியிட்ட அறிவிப்பின்படி வர வேண்டும். சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் சிறு பிடித்தத்தோடு முழுவதும், அதற்குப் பின் கடைசித் தேதிக்குள் 90 சதவீதம், தேதி தாண்டிப் பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவே கூடாது. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும்.

விதி அப்படி. என் தங்கை மகனுக்கு நடந்தது வேறு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் (நான் இவ்வளவு நேரம் பேசிய பல்கலைக்கழகம் அல்ல) சேர்ந்து மூன்றாம் நாளே கீம் இடம் கிடைத்துவிட்டது. சான்றிதழைக் கேட்டால், "நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். நான்கு நாள் நடந்தோம். அறிவிப்பை அச்சடித்து, மேற்படி பத்தியை மஞ்சள் கோட்டில் அடித்து, மானியக் குழுவுக்குப் புகார் அனுப்பிய மின்னஞ்சலின் நகலையும் சேர்த்து மேசைமேல் வைத்த பிறகுதான் அலமாரிச் சாவி வெளியே வந்தது. அந்த அச்சுத் தாளின் நகல் என் கடையில் ஒரு கட்டு இருக்கிறது, இலவசம்.

மடம் நடத்துகிறதே, மற்ற மதத்தவர் சேரலாமா? சாப்பாடு?

தாராளமாகச் சேரலாம், சேர்ந்திருக்கிறார்கள். வளாகத்தில் சைவச் சாப்பாடுதான். ஒழுங்கு விதிகள் கண்டிப்பு. சில பெற்றோருக்கு அதுவே காரணம், சில பிள்ளைகளுக்கு அதுவே புகார். பிள்ளையைக் கேட்காமல் அப்பா மட்டும் முடிவு செய்யும் வீடுகளில் இரண்டாம் மாதமே தொலைபேசி வரும்.

பக்கத்திலேயே ஐ.ஐ.டி. இருக்கும்போது எட்டிமடை எதற்கு?

பாலக்காடு ஐ.ஐ.டி. 2015இல் வந்தது. அங்கே இடம் கிடைத்தால் என் கடைக்கு வந்து கேட்டுக்கொண்டிருக்கவே வேண்டாம்.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் உறவினர்களுக்கும் இதே கதைதானா?

கதை திருப்பிப் போட்டது. பாலக்காட்டில் எங்களுக்கு ஒரு சித்தூர் என்றால் ஆந்திரத்தில் அவர்களுக்கு ஒரு சித்தூர். இரண்டிலும் தமிழ் பேசும் குடும்பங்கள். அந்தச் சித்தூர்க்காரர்கள் முப்பது நாற்பது ஆண்டாகக் காட்பாடியில் இறங்கி வி.ஐ.டி.க்குப் போனார்கள். பிறகு ஆந்திரம் 2016இல் தனியார் பல்கலைக்கழகச் சட்டம் கொண்டுவந்ததும் தமிழ்நாட்டு நிறுவனங்களே எல்லை தாண்டிப் போயின. வி.ஐ.டி.யும் எஸ்.ஆர்.எம்.மும் 2017இல் அமராவதியில் கடை திறந்தன. தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகம் 2018இல் வந்தது. அதன் வேர் 1970இல் சென்னையில் தொடங்கிய ஐ.எஃப்.எம்.ஆர். என்ற நிதி மேலாண்மைக் கழகம். சென்னையில் இருந்து கிளம்பினால் ஆரம்பாக்கம் தாண்டியதும் தடா வந்துவிடும். வாளையாரில் சட்டம் கிழக்கே தள்ளியது என்றால் தடாவில் வடக்கே இழுத்தது.

கேரளத்திலேயே தனியார் பல்கலைக்கழகம் வரப்போகிறதாமே?

வரட்டும். 2016 ஜனவரியில் கோவளத்தில் சர்வதேசக் கல்வி மாநாடு என்று நடத்தினார்கள். மாநில உயர்கல்வி மன்றத் துணைத்தலைவரும் முன்னாள் தூதருமான டி.பி. ஸ்ரீனிவாசனை அங்கே ஒரு மாணவர் அமைப்புக்காரர் கன்னத்தில் அறைந்தார். தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ஒன்பது ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில், அந்த மாணவர் அமைப்பின் தாய்க்கட்சி அப்போது நடத்திய அரசே தனியார் பல்கலைக்கழக மசோதாவைச் சட்டப்பேரவையில் நிறைவேற்றியது. ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீத இடம் கேரளத்தவருக்கு, அதற்குள் மாநில இடஒதுக்கீடு, 25 கோடி ரூபாய் வைப்பு நிதி என்பவை அதில் உள்ள நிபந்தனைகள். அந்த 40 சதவீதத்தில் கொழிஞ்சாம்பாறைத் தமிழ்ப் பிள்ளையும் வருவான், அதனால் எனக்கு அதில் ஒரு கண் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2025 அக்டோபரில் தமிழ்நாட்டில் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு நில அளவைத் தளர்த்தும் திருத்த மசோதா வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் மறுபரிசீலனை செய்வதாக அரசு சொல்லிவிட்டது. காற்று கணவாயில் திசை மாறி அடிக்கிறது.

போலிப் பல்கலைக்கழகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மானியக் குழு போலிகளின் பட்டியலை வெளியிடுகிறது, பாருங்கள். கேரளத்தின் பேரில் பல ஆண்டுகளாக அதில் இருப்பது 'செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம், கிஷநட்டம்'. கிஷநட்டம் என்று ஓர் ஊரை இதுவரை நான் எந்தப் பஸ்ஸின் பலகையிலும் பார்த்ததில்லை.

வீட்டிலிருந்து தினமும் போய்வர முடியுமா?

விடுதியில் தங்கியே ஆக வேண்டுமா என்பது பாடத்தைப் பொறுத்தது, அலுவலகத்தில் கேளுங்கள். தூரம் ஒரு பொருட்டில்லை. கே.ஜி. சாவடிப் பாதையில் பஸ்ஸும் உண்டு, எட்டிமடையில் ரயில் நிலையமும் உண்டு. ரயிலில் போவதானால் மதுக்கரைக்கும் வாளையாருக்கும் இடையில் வண்டி மெதுவாக ஊர்ந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அது யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் காடு. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டு இறந்தன. 2024இலிருந்து மதுக்கரைக் காட்டில் கோபுரங்களில் கேமரா வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கினால் கணினியே கண்டுபிடித்து ரயில்வேக்குச் சொல்லும்படி வனத்துறை ஏற்பாடு செய்திருக்கிறது. காலை வண்டியில் இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் உட்காருங்கள், மலை அந்தப் பக்கம்தான்.